கையெழுத்துப் போட்ட பிறகு பார்த்தது

1994இல் கலை வரலாற்று ஆசிரியையாக முதல் வகுப்பு எடுக்கப் போனபோது என் கையில் ஸ்லைடு புரொஜெக்டருக்கான இரண்டு வட்டத் தட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் 80 ஸ்லைடு, அதாவது சட்டமிட்ட சின்னப் பிலிம் படம், பிடிக்கும். முந்தின இரவு விளக்குப் பெட்டி மேல் ஒவ்வொன்றாக வைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்து, வரிசை மாற்றி மாற்றி அடுக்கியிருந்தேன். விளக்கை அணைத்து முதல் படத்தைப் போட்டதும் பின்வரிசையில் சிரிப்பு. படம் தலைகீழாக நின்றது. அடுத்த படம் நேராகத்தான் இருந்தது, ஆனால் இடம் வலமாக மாறியிருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. சொல்லாமல் நகர்ந்துவிட்டேன்.

வகுப்பு முடிந்ததும் ஸ்லைடு நூலகத்தைக் கவனித்துவந்தவர் வந்தார். ஒரு ஸ்லைடை எடுத்து, படம் சரியாகத் தெரியும்படி பிடித்து, சட்டத்தின் கீழ் இடது மூலையில் சிவப்பு மையால் பொட்டு வைத்தார். "தட்டுல போடும்போது தலைகீழாத்தான் போடணும் மேடம். அப்ப இந்தப் பொட்டு மேல வலது பக்கம் வந்துடும், உங்க கட்டைவிரல் அது மேல இருக்கும். பொட்டு விரல்ல படலைன்னா தப்பா போடுறீங்கன்னு அர்த்தம்." அன்றைக்கு வீட்டுக்குப் போகுமுன் நூற்றறுபதுக்கும் பொட்டு வைத்தோம், அவர் பாதி, நான் பாதி.

கலை வரலாறு கற்பிப்பதில் நான் வாங்கிய முதல் பாடம் இதுதான். முனைவர் பட்டம் வாங்கும்வரை யாரும் இதைச் சொல்லித்தரவில்லை. அந்த மனிதரைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது, அப்புறம் வருகிறேன்.

பதினேழு வருடம் ஆசிரியர், ஆறு வருடம் துறைத் தலைவர், நான்கு வருடம் புலத் தலைவர் (டீன்), இப்போது மறுபடியும் வகுப்பறை. புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் அடிக்கடி என்னிடம் கேட்பது, "நிர்வாகப் பொறுப்பு கொடுத்தால் எடுத்துக்கொள்ளலாமா?" என்றுதான். ஒரு வரியில் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

வகுப்பிலிருந்து தொடங்கினால், அந்தக் காலத்தில் ஸ்லைடு எங்கள் துறையின் உயிர், அதே ஸ்லைடுதான் எங்கள் துறையின் பொய்யும். திரையில் எல்லாம் ஒரே அளவு. ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் 1656இல் வரைந்த 'லாஸ் மெனினாஸ்' மூன்று மீட்டருக்கு மேல் உயரமானது. டச்சு ஓவியர் வெர்மீரின் 'பால் ஊற்றும் பெண்' அரை மீட்டர்கூடக் கிடையாது, 45.5 சென்டிமீட்டர்தான். வகுப்பில் இரண்டும் அதே சதுரத்துக்குள் அடங்கி உட்கார்ந்திருக்கும். என் மாணவி ஒருத்தி படித்து முடித்துப் பல வருடம் கழித்து வெர்மீரை நேரில் பார்த்துவிட்டு எனக்கு எழுதினாள்: "இவ்வளவு சின்னதா? நீங்கள் சொல்லவே இல்லையே." சொல்லியிருந்தேன். அளவை எண்ணாகச் சொல்லியிருந்தேன். எண் யாருக்கு நினைவிருக்கும்?

அதற்கப்புறம் ஒரு அளவு நாடாவும் சாக்பீஸும் இல்லாமல் நான் வகுப்புக்குப் போவதில்லை. படம் திரையில் வந்ததும் ஒரு மாணவர் எழுந்து பக்கத்துச் சுவரில் அதன் உண்மை அளவைக் கட்டமாக வரைய வேண்டும். மாமல்லபுரத்துப் பெரிய புடைப்புச் சிற்பம் வரும்போது சுவர் போதாது. ஏறக்குறைய 30 மீட்டர் நீளம் அது. எல்லோரையும் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய், நாடாவைப் பிடித்து நடக்கவைப்பேன். ஒரு யானை நிற்க எவ்வளவு இடம் வேண்டும் என்பது அந்த நடையில்தான் புரிகிறது. பவர்பாயிண்ட் வந்த பிறகும் இந்தப் பொய் மாறவில்லை. செல்பேசியில் பார்க்கும் தலைமுறைக்கு இன்னும் மோசம், எல்லாச் சிற்பமும் உள்ளங்கை அளவு.

அதே சிற்பத்தை வைத்து இன்னொரு பயிற்சியும் உண்டு. இருபது நிமிடம் பார்த்து எழுத வேண்டும். பெயர் எழுதக் கூடாது, கதை எழுதக் கூடாது, கண்ணில் படுவது மட்டும். முதல் நிமிடத்திலேயே பாதிப் பேர் 'அர்ஜுனன் தபசு' என்று எழுதிவிடுவார்கள். இன்னும் சிலர், கொஞ்சம் படித்தவர்கள், 'கங்கை இறங்குதல்' என்று எழுதிப் பெருமையாக நிமிர்வார்கள். இரண்டையும் அடிக்கச் சொல்வேன். 'ஒற்றைக் காலில் நின்று, இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிய, விலா எலும்பு தெரியும் மனிதர்' என்று எழுதினால் சரி. பத்து நிமிடத்துக்கு மேல் ஆனதும் யாராவது ஒருவர், "மேடம், அதே மாதிரி ஒரு பூனையும் நிக்குது" என்பார். பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்யும் பூனை, அதைச் சுற்றி எலிகள். பெயரைச் சீக்கிரம் எழுதியவர்களுக்குப் பூனை கிடைப்பதே இல்லை. தெரிந்த கதை கண்ணை மூடிவிடுகிறது.

கலை வரலாற்றறிஞர் எர்வின் பனோஃப்ஸ்கி இதையே ஒழுங்குபடுத்திச் சொன்னார். தெருவில் ஒருவர் எதிரே வந்து தொப்பியைக் கழற்றுகிறார். கண்ணுக்குத் தெரிவது ஒரு உருவமும் ஒரு அசைவும். அது வணக்கம் என்பது பழக்கத்தால் தெரிவது. அந்த வணக்கத்துக்குப் பின்னால் ஒரு காலமும் ஒரு பண்பாடும் இருக்கின்றன என்பது மூன்றாவது அடுக்கு. மூன்றையும் ஒன்றாகக் குழப்பாதே என்பதுதான் சாரம். நான் அதைப் படத்துக்கு மட்டுமே சொன்ன பாடம் என்று பதினேழு வருடம் நினைத்திருந்தேன்.

துறைத் தலைவர் ஆனது பெரிய கதை ஒன்றும் இல்லை. முந்தினவரின் காலம் முடிந்தது. மூத்தவர்கள் இருவர் மறுத்தார்கள். ஒருவர் வெளிநாட்டில் இருந்தார். மிச்சம் நான்.

முதல் வாரத்திலேயே மேசைக்கு ஒரு புகார்க் கடிதம் வந்தது. ஒரு மாணவர் எழுதியிருந்தார்: 'ஆசிரியர் என்னை எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தினார், திட்டமிட்டுப் பழிவாங்குகிறார்.' எனக்கு அந்த ஆசிரியரைப் பிடிக்காது. கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் மனதில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அப்போதுதான் பூனை நினைவுக்கு வந்தது. ஒரு தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் 'நடந்தது' என்றும் வலப்பக்கம் 'அதன் அர்த்தம்' என்றும் எழுதினேன். அந்த நீளமான கடிதத்தில் இடப்பக்கத்துக்கு இரண்டே வரிதான் தேறியது. சரி, மீதியைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம் என்று மாணவரை அழைத்தேன். எந்த நாள், எந்த அறை, யார் யார் இருந்தார்கள், என்ன வார்த்தை சொன்னார். அப்புறம் ஆசிரியரிடம் அதே கேள்விகள், அதே வரிசையில். இடப்பக்கம் நிறைய நிறைய வலப்பக்கம் தானாக மாறியது. இருவர் சொன்ன வார்த்தையும் ஒன்றுதான். அது அவமானம்தான், பழிவாங்கல் இல்லை. மன்னிப்புடன் முடிந்தது. அன்றிலிருந்து எந்தப் புகாரையும் இரண்டு பத்தியாகப் பிரிக்காமல் நான் பதில் எழுதியதில்லை.

ஆனால் இதே பழக்கம் ஒருமுறை என்னைக் காலை வாரியது. வேறொரு புகாரில், 'இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை, இன்னும் ஒருவரைக் கேட்க வேண்டும்' என்று ஆறு வாரம் இழுத்தேன். அந்த மாணவி படிப்பை விட்டுப் போய்விட்டாள். படத்துக்கு அவசரம் கிடையாது, அது சுவரில் காத்திருக்கும். மனிதர் காத்திருக்க மாட்டார். இப்போது யாராவது துறைத் தலைவர் ஆனால் நான் சொல்வது: முதல் நாளே இடப்பக்கத்தை நிரப்பு, நிரப்பும்போதே ஒரு கடைசித் தேதியும் எழுதிக்கொள்.

கோப்பு படிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஜியோவன்னி மொரெல்லி. பத்தொன்பதாம் நூற்றாண்டு இத்தாலியர், மருத்துவம் படித்தவர். ஒரு ஓவியம் யாருடையது என்று கண்டுபிடிக்க முகத்தையும் முகபாவத்தையும் பார்க்காதே, காது மடலையும் விரல் நகத்தையும் பார் என்றவர். முகத்தை எல்லோரும் கவனித்து வரைவார்கள், நகல் எடுப்பவனும் கவனிப்பான். காதை ஓவியன் யோசிக்காமல் பழக்கத்தில் போட்டுவிடுவான். ஜெர்மனியில் டிரெஸ்டன் கலைக்கூடத்தில், டிஷியான் ஓவியம் ஒன்றின் நகல் என்று பட்டியலில் கிடந்த 'உறங்கும் வீனஸ்' ஓவியத்தை, இது ஜியோர்ஜோனே என்ற இன்னொரு ஓவியரே வரைந்த மூலம் என்று சொன்னவர் அவர்தான்.

பல்கலைக்கழகத்துச் சுற்றறிக்கைக்கும் முகம் உண்டு, காதும் உண்டு. முதல் பக்கத்தில் 'தரம்', 'மேம்பாடு', 'தொலைநோக்கு' எல்லாம் அழகாக வரையப்பட்டிருக்கும். நான் நேராகப் பின்னிணைப்புக்குப் போய்விடுவேன். எந்தத் தலைப்பிலிருந்து எந்தத் தலைப்புக்குப் பணம் நகர்கிறது, எந்தப் பணியிடத்துக்கு எதிரே 'தற்காலிகம்' என்று இருக்கிறது, போன வருட அட்டவணையில் இருந்த எந்த வரி இந்த வருடம் காணவில்லை. இப்படித்தான் ஒருமுறை எங்கள் துறையின் களப்பயணத் தொகை 'இதர செலவு' என்பதற்குள் கரைந்திருந்ததைப் பிடித்தேன். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, தட்டச்சு செய்தவர் வரிகளைச் சேர்த்துவிட்டார். கவனிக்காமல் விட்டிருந்தால் இரண்டு வருடத்தில் அதுவே வழக்கம் ஆகியிருக்கும்.

புலத் தலைவரானதும் வேறு மாதிரிச் சண்டை. பெரிய கூட்டம் ஒன்றில் திரையில் ஒரு அட்டவணை போட்டார்கள். இடப்பக்கம் வணிக மேலாண்மைத் துறை, வலப்பக்கம் எங்கள் கலை வரலாறு. மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, ஒரு மாணவருக்கு ஆகும் செலவு. யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை, அட்டவணையே பேசியது. எனக்குக் கலை வரலாற்றறிஞர் ஹைன்ரிஷ் வோல்ஃப்லின் நினைவு வந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு படத்தைப் போட்டு ஒப்பிட்டுப் பாடம் நடத்தும் எங்கள் வழக்கம் பரவியதற்கு அவர் முக்கியக் காரணம். மறுமலர்ச்சிக் கலைக்கும் அதற்குப் பின் வந்த பரோக் பாணிக்கும் இடையில் ஐந்து இணை எதிர்மறைகளை 1915இல் அவர் வகுத்தார், இன்றும் மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். அந்த முறையின் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான். எந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் ஒரு கதை கிளம்பிவிடும். ஒன்று தெளிவு, மற்றது குழப்பம். ஒன்று வளர்ச்சி, மற்றது தேய்வு. வகுப்பில் இதை உடைக்க நான் மூன்றாவது படம் ஒன்றைப் போடுவேன். அந்தக் கூட்டத்திலும் அதையே கேட்டேன்: "இசைத் துறையையும் வேதியியல் ஆய்வகத்தையும் இதே அட்டவணையில் சேர்த்துப் போடுங்கள்." அடுத்த கூட்டத்தில் போட்டார்கள். எங்கள் செலவு நடுவில் எங்கோ இருந்தது. ஒரு பணியிடம் தப்பியது. முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன், இன்னொரு பணியிடம் போனது. ஆனால் இரண்டே பத்தி உள்ள அட்டவணையை அதற்கப்புறம் நான் எங்கும் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை.

"கலை வரலாறு படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்ற கேள்வி பெற்றோரிடமிருந்தும் வரும், நிதி அலுவலரிடமிருந்தும் வரும். பண்பாடு, ஆன்மா என்றெல்லாம் தொடங்காதீர்கள், யாரும் கேட்க மாட்டார்கள். எங்கள் பழைய மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தொலைபேசியில் கேட்டுக் கேட்டு ஒரு பட்டியல் தயாரித்தேன். அருங்காட்சியகம், ஏல நிறுவனம், பதிப்பகம், பள்ளி, மரபுக் கட்டடப் பாதுகாப்பு, சுங்கத் துறை, பல்கலைக்கழக நிர்வாகம். சுங்கத் துறை என்றதும் நிதி அலுவலர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடத்தல் சிலையை அடையாளம் காண யாராவது வேண்டும் இல்லையா?

சின்னச் சின்ன விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கூட்டக் குறிப்பை அன்றிரவே எழுதிவிடுங்கள். மறுநாள் எழுதினால் அவரவர் விரும்பிய கூட்டம்தான் நடந்திருக்கும். பரிந்துரைக் கடிதத்துக்கான குறிப்பை மாணவர் கேட்கும்போது தேடாதீர்கள், வகுப்பு நடக்கும் பருவத்திலேயே ஒவ்வொருவர் பெயருக்கு எதிரே ஒரு வரி எழுதிவையுங்கள். நான் 'பூனையைப் பார்த்தவன்' என்றெல்லாம் எழுதிவைத்திருக்கிறேன், பத்து வருடம் கழித்தும் முகம் வருகிறது. கால அட்டவணை போடும்போது எங்கள் வகுப்புக்கு இருட்டாக்கக்கூடிய அறை வேண்டும் என்பதை வாயால் சொல்லாதீர்கள், எழுத்தில் கொடுங்கள். சன்னல் திரை இல்லாத அறையில் மதியம் இரண்டு மணிக்கு இத்தாலிய ஓவியர் காரவாஜியோவை நடத்திப் பார்த்தால் தெரியும். அவர் படத்தில் பாதி இருட்டு, அந்த அறையில் இருட்டே இல்லை.

நேரம்தான் பெரிய கஷ்டம். கலை வரலாற்றறிஞர் ஆண்டனி பிளண்ட் 1947 முதல் 1974 வரை லண்டனில் கோர்ட்டால்ட் கலை நிறுவனத்தின் இயக்குநர். கூடவே அரசிக்கு ஓவியக் காப்பாளர், கூடவே பிரெஞ்சு ஓவியர் பூசான் பற்றிய பெரிய ஆய்வு. இதெல்லாம் போதாதென்று ஒரு காலத்தில் சோவியத்துக்கு உளவும் பார்த்திருக்கிறார் என்பது 1979இல் உலகத்துக்குத் தெரிந்தது. அந்த மனிதருக்கு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று நான் பொறாமையோடு யோசித்திருக்கிறேன். எனக்கு நிர்வாகம் என்ற ஒன்றுக்கே நேரம் போதவில்லை. பத்து வருடத்தில் இரண்டு கட்டுரைதான் எழுதினேன், இரண்டும் பழைய குறிப்புகளிலிருந்து. ஆனால் ஒரு வகுப்பை மட்டும் விடவில்லை. முதலாண்டு மாணவர்களுக்கான அறிமுக வகுப்பு, வாரம் இரண்டு முறை, காலை முதல் மணி. அந்த நேரத்தில் கூட்டம் வைத்தால் வரமாட்டேன் என்று பதிவாளர் அலுவலகத்துக்கு எழுதியே கொடுத்துவிட்டேன். முணுமுணுத்தார்கள், பழகிக்கொண்டார்கள். இல்லையென்றால் நான் பார்ப்பதையே மறந்துபோயிருப்பேன்.

மறந்துபோகவில்லை என்று பெருமையடித்துக்கொள்ளவும் முடியாது. ஸ்லைடு கதை அதற்குச் சாட்சி.

2004இல் கோடாக் நிறுவனம் ஸ்லைடு புரொஜெக்டர் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. 2009இல் கோடாக்குரோம் பிலிமும் போனது. 2012இல் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் அருங்காட்சியகம் 1,25,000 படைப்புகளின் உயர்தரப் படங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் திறந்துவிட்டது. எங்கள் ஸ்லைடு நூலகத்தில் தூசிதான் சேர்ந்துகொண்டிருந்தது. பாதிப் பிலிம்களில் நீலமும் பச்சையும் வெளுத்து, வானமெல்லாம் ரோஜா நிறமாகியிருந்தது. 2013இல் அந்த அறை கணினி ஆய்வகத்துக்கு வேண்டும், ஸ்லைடுகளை அகற்ற ஒப்புதல் தாருங்கள் என்று கடிதம் வந்தது. சுமார் 40,000 ஸ்லைடு. ஸ்கேன் செய்ய ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்றாலும் 2,000 மணி நேரம், அதாவது ஒருவருக்குக் கிட்டத்தட்ட ஒரு வருட முழுநேர வேலை. அதற்குப் பணம் இல்லை. கணக்கு என்னவோ சரியான கணக்குதான்.

ஸ்லைடு நூலகர், அன்று பொட்டு வைக்கக் கற்றுக்கொடுத்த அதே மனிதர், என் அறைக்கு வந்தார். அவருக்கு ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தது. "மேடம், ஒரு தடவை வந்து பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்களேன்." அன்றைக்கு மூன்று கூட்டம். "எல்லாம் இணையத்தில் இருக்கிறதே" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. காகிதத்தை எடுத்து, மடிக்காமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனார்.

அவர் என்னைப் பார்க்கச் சொன்னது என்ன என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஸ்லைடு நூலகத்தில் இரண்டு வகை உண்டு. புத்தகத்தை விரித்துவைத்து மேலிருந்து படம் பிடித்தவை ஒரு வகை. போனால் போகட்டும், புத்தகம் இருக்கிறது, அதைவிட நல்ல படம் இணையத்திலும் இருக்கிறது. இன்னொரு வகை, எங்கள் ஆசிரியர்கள் நாற்பது வருடமாகக் களத்துக்குப் போய்த் தாங்களே எடுத்தவை. இடிவதற்கு முன் நின்ற மண்டபம், சுத்தம் செய்வதற்கு முன் இருந்த சுவரோவியம், காணாமல் போவதற்கு முன் பீடத்தில் நின்ற சிலை. அந்தப் படம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். முதல் வகை ஏழில் ஆறு பங்கு, இரண்டாவது வகை ஏழில் ஒரு பங்கு. 40,000 என்பதுதான் முடியாத எண். ஏறக்குறைய 6,000 என்பது இரண்டு மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் முடித்திருக்கக்கூடிய எண். ஒரு 35 மில்லிமீட்டர் ஸ்லைடை அங்குலத்துக்கு 4,000 புள்ளி என்ற கணக்கில் ஸ்கேன் செய்தால் 20 மெகாபிக்சல் அளவுக்குப் படம் கிடைக்கும், சுவரில் உள்ள எழுத்தைக்கூடப் படிக்கலாம். நான் மொத்த எண்ணைப் பார்த்தேன், பெட்டிக்குள் பார்க்கவில்லை.

இத்தனைக்கும் பழைய படம் எதற்கு உதவும் என்று வருடா வருடம் பாடம் நடத்தியவள் நான். சிவபுரம் நடராஜர் கதை என் வகுப்பில் நிரந்தரம். 1951இல் மண்ணிலிருந்து கிடைத்த சிலை, பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் மாற்றப்பட்டது. கோயிலுக்குத் திரும்பி வந்தது நகல். மூலம் கைமாறிக் கைமாறி 1973இல் அமெரிக்காவில் நார்ட்டன் சைமன் என்ற கலைச் சேகரிப்பாளர் வாங்கும்வரை போய், 1986இல்தான் திரும்பியது. தஞ்சைப் பெரிய கோயிலின் நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பது 1931இல் வெளிப்பட்டதையும் சொல்வேன். ஒரு அடுக்கை வெளியே கொண்டுவர இன்னொரு அடுக்கை அகற்ற வேண்டியிருந்தால், அகற்றுமுன் எடுத்த படம்தான் மேல் அடுக்கின் ஒரே உயிர். வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்து ஓவியங்களை 1980 முதல் 1994 வரை சுத்தம் செய்தபோது, அழுக்கோடு சேர்த்து மைக்கலாஞ்சலோவின் கையும் போனதா என்று பெரிய சண்டை நடந்தது. இன்றும் இரண்டு கட்சிக்கும் ஆதாரம் 1980க்கு முன் எடுத்த படங்கள். இதையெல்லாம் காலை முதல் மணியில் சொல்லிவிட்டு, மதியம் கையெழுத்துப் போட்டவள் நான்.

அடுத்த வருடமே, 2014 செப்டம்பரில், ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் வாங்கிய நடராஜர், தமிழ்நாட்டில் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்டவர், திரும்பி வந்தார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் பத்திரமாக இருந்த பழைய புகைப்படங்கள் அந்தச் சிலை எங்கிருந்து போனது என்று காட்ட உதவின. செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அங்கே யாரோ ஒருவர் பெட்டியைத் தூக்கிப் போடாமல் இருந்திருக்கிறார்.

ஆகவே, உங்கள் துறையிலும் இப்படி ஒரு காகிதம் மேசைக்கு வந்தால், கையெழுத்துக்கு முன்னால் சில வேலைகள் உண்டு. சொந்தமாக எடுத்தவற்றையும் நகல் எடுத்தவற்றையும் பிரியுங்கள், அதற்கு ஒரு வாரம் போதும். எது எது என்று அந்த அறையில் வேலை பார்ப்பவரைக் கேளுங்கள், பேராசிரியர்களைக் கேட்பதில் பயனில்லை. எடுத்தவர் பெயர், தேதி, இடம் எழுதிய சட்டத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். படம் மட்டும் இருந்து குறிப்பு இல்லையென்றால் அது வெறும் சுவர். பணம் இல்லையென்றால் காற்றுப்புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, குளிர்ந்த, இருண்ட இடத்தில் வைத்துவிடுங்கள். கோடாக்குரோம் இருட்டில் நன்றாகவே தாங்கும், வெளிச்சம்தான் அதற்கு எதிரி. பணம் பிறகு வரலாம்.

2019இல், நான் புலத் தலைவராக இருந்தபோது, ஒரு இளம் ஆய்வாளர் எழுதினார். ஒரு சுவரோவியம், அண்மையில் ரசாயனம் போட்டுச் சுத்தம் செய்யப்பட்டது. முன்பு எடுத்த படம் உங்கள் துறையில் இருப்பதாக ஒரு பழைய கட்டுரையின் அடிக்குறிப்பில் இருக்கிறது, அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். என்ன பதில் எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, ஓய்வுபெற்ற நூலகருக்குத் தொலைபேசியில் பேசினேன். ஸ்லைடு இல்லை என்றார். பதிவேடு இருக்கிறது என்றார். பெட்டிகளைக் கொண்டுபோன அன்று அதை மட்டும் அலமாரியில் பூட்டி, சாவியை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். ஆறு வருடம் யாரும் அந்த அலமாரியைத் திறக்கவில்லை.

திறந்தேன். நான்கு தடித்த பதிவேடுகள், அவர் கையெழுத்து. அந்த வரியைக் கண்டுபிடித்தேன்: வடக்குச் சுவர், மேல் வரிசை, மூன்று முகங்கள், காலை 9.40, பக்கவாட்டு வெளிச்சம், நிறம் நன்று. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து ஆய்வாளருக்கு அனுப்பினேன். நடந்ததையும் மறைக்காமல் எழுதினேன். நன்றி சொல்லி ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: மூன்றாவது முகத்துக்குக் கீழே இப்போது தெரியும் கீறல் அப்போதே இருந்ததா?

மறுபடியும் நூலகருக்குப் பேசினேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"இல்ல மேடம். அங்க ஒரு பூ இருந்துச்சு. நீலத்துல, சின்னதா."

அதை ஆதாரமாகக் கொள்ள முடியாது என்று ஆய்வாளருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் நூலகர் சொன்னதை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, அவர் பெயரும் என் பெயரும் எழுதி, பதிவேட்டின் அந்தப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.